ரைகுலின் கன்னத்தில் ஒதுங்கிய துண்டு

ரைகுல் இரண்டு வருடமாக உட்கார்ந்தேதான் தூங்கினாள்.

ரயில் பெட்டி உதவியாளர் வேலை என்பதால் யாரும் அதைக் கண்டுகொள்ளவில்லை. அல்மாட்டியிலிருந்து அக்தோபே போகும் வண்டியில் ஏழாம் பெட்டி அவளுடையது. படுக்கை விரிப்பு கொடுப்பது, கொதிநீர் அடுப்பைப் பார்த்துக்கொள்வது, இறங்க வேண்டியவரைத் தட்டி எழுப்புவது என்று ஓயாத வேலை. எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் தன் சின்ன அறையில் சுவரில் சாய்ந்து அவள் உட்கார்ந்திருப்பாள். "பாவம், இந்தம்மா கண்ணே அசர்றதில்ல. பொறுப்புன்னா இதுல்ல பொறுப்பு!" என்று பயணிகள் மெச்சிக்கொள்வார்கள். பொறுப்பாவது, மண்ணாவது! படுத்தால் போதும், வயிற்றுக்குள்ளிருந்து புளித்த தண்ணீர் கொதித்துக்கொண்டு தொண்டைக்கு ஏறும். மூக்கில் ஏறிப் புரையேறி, மூச்சு முட்டி எழுந்து உட்கார்வாள். அப்படி எழுந்து எழுந்து, கடைசியில் படுப்பதையே விட்டுவிட்டாள்.

இதெல்லாம் ஆரம்பித்தது ஏழு வருடத்துக்கு முன்னால். அப்போது அவள் எடை நூற்றி இருபத்தெட்டு கிலோ. ரயில் பெட்டியின் நடைபாதை எத்தனை அகலம் என்று உங்களுக்கே தெரியும். எதிரே ஒருவர் வந்தால் இரண்டு பேரில் ஒருவர் பின்வாங்க வேண்டும். எப்போதும் எதிரே வந்தவர்தான் பின்வாங்கினார். முழங்கால் இரண்டும் படியேற மறுத்தன. சர்க்கரை வேறு எட்டிப் பார்த்தது. அல்மாட்டியில் ஒரு மருத்துவமனைக்குப் போய் இரைப்பையில் முக்கால் பாகத்தை வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை ஒரு வாழைப்பழ அளவுக் குழாயாகத் தைத்துக்கொண்டு வந்தாள். நாற்பத்தாறு கிலோ இறங்கியது. நடைபாதையில் அவளே ஒதுங்கி வழிவிட முடிந்தது. அந்த முதல் வாரம் தேவையே இல்லாமல் பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாளாம்.

எல்லாம் சரி. ஆனால் ஊரில் அவள் சொன்னது, "பித்தப்பையில கல்லு. எடுத்துட்டாங்க" என்று.

பொய் சொன்னதற்குக் காரணம் குல்யாஷ். குல்யாஷ் அவளுடைய ஓரகத்தி. கணவன் துலேகெனின் அண்ணன் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் குடும்பத்தில் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்பவள் அவள்தான். அவர்கள் ஊரான குலான் ஸ்டேஷன் பக்கம் குல்யாஷின் வாய்க்குப் பயப்படாதவர்கள் யாருமில்லை. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி இந்த அறுவையைச் செய்துகொண்டாள் என்று ஒரு விருந்தில் பேச்சு வந்தது. குல்யாஷ் கறி வெட்டிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "எதுக்கு வயித்தை அறுத்துக்கணும்? வாயில ரெண்டு தையல் போட்டா வேலை முடிஞ்சுதே!" என்றாள். கூடமே சிரித்தது. ரைகுலும் சிரித்தாள். அதற்கு அடுத்த மாதம்தான் அவள் அறுவைக்குப் போக நாள் குறித்திருந்தது. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை.

ஆகவே கணவன் ஒருவனுக்கு மட்டும் உண்மை தெரியும். மகன் சயாத்துக்குக்கூடப் பித்தப்பைதான்.

அந்தப் பொய் முதலில் நன்றாகத்தான் உழைத்தது. எங்கள் பக்கம் விருந்துக்குப் போனால் சாப்பிடமாட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர்கள் கறித்துண்டைக் கையில் எடுத்து, கொழுப்பு சொட்டச் சொட்ட வாயிலேயே ஊட்டிவிடுவார்கள். வாயைத் திறக்காமல் இருப்பது அவமரியாதை. ஆனால் ரைகுல் முன்னால் தட்டு வந்தாலே குல்யாஷ் அதட்டுவாள். "அவளுக்குக் கொழுப்பு ஆகாது, பித்தப்பை இல்லாதவ! தள்ளுங்க அந்தப் பக்கம்." தானே தொடைக்கறியில் வெள்ளையெல்லாம் வழித்து எறிந்துவிட்டு, விரலளவுத் துண்டுகளாக நறுக்கி, தனிக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைப்பாள். ஏழு வருடமாக ஒரு விருந்து தவறாமல் வைத்தாள். வைத்துவிட்டு, "ராணியம்மா சாப்பிடுங்க" என்று ஒரு குத்தும் விடுவாள்.

ஐந்தாம் வருடம் நெஞ்செரிச்சல் வந்தது. பிறகு கறி இறங்க மறுத்தது. ஒருநாள் கிஸில்ஓர்தா ஸ்டேஷன் தாண்டி, ஒரு பயணி அன்போடு கொடுத்த குதிரைக்கறித் துண்டு நடு நெஞ்சில் நின்றுகொண்டது. கீழேயும் போகவில்லை, மேலேயும் வரவில்லை. எச்சில்கூட விழுங்க முடியாமல் வாளியைக் கட்டிக்கொண்டு நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அதிலிருந்து கெட்டியான எதையும் தொட அவளுக்கு ஈரக்குலை நடுங்கும். எது இறங்கியதோ அதைச் சாப்பிட்டாள். டீயில் ஊறிக் குழைந்த பவுர்சாக் அப்பம், உருகிய ஐஸ்கிரீம், டப்பாவில் வரும் இனிப்புக் கெட்டிப்பால். விளைவு, எடை மறுபடியும் ஏறியது. எண்பத்திரண்டு கிலோ நூற்றி ஒன்று ஆனது. "பழைய ரைகுல் திரும்பி வர்றாப்ல இருக்கே" என்று டிப்போவில் கிண்டல் செய்தார்கள். உறவுக்காரப் பெண்கள் எல்லாம் ஒரே அறையில் படுக்கும் கல்யாண வீடுகளில் அவள் மட்டும் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள். "காவல்காரி, எத்தன திருடனப் பிடிச்ச?" என்று குல்யாஷ் காலையில் கேட்பாள்.

ரைகுல் தன்னைத்தான் திட்டிக்கொண்டாள். இத்தனை பாடுபட்டு வயிற்றை வெட்டிக்கொண்டும் நாக்கை அடக்கத் தெரியாத ஜென்மம் என்று. உடம்பு படும் பாட்டைவிட அந்த எண்ணம் அவளை அதிகம் தின்றது.

இரண்டு வருடம் கழித்துத்தான் டாக்டர் கிம்மிடம் போனாள். சின்ன உருவம், பெரிய கண்ணாடி, வெடுக்கென்ற பேச்சு. வெள்ளைக் கஞ்சி போல ஒரு மருந்தைக் குடிக்கச் சொல்லி எக்ஸ்ரே எடுத்தார். குழாய் விட்டும் பார்த்தார். பிறகு படத்தை விளக்கில் மாட்டிப் பேனாவால் தட்டினார்.

"இதான் உங்க இரைப்பைக் குழாய். நடுவுல இந்த இடம் மடங்கிச் சுருங்கிக் கிடக்கு. தோட்டத்துக்குத் தண்ணி விடற ரப்பர் குழாய் மடங்குனா என்ன ஆகும்?"

"பின்னாடி உப்பிக்கும்."

"அதேதான். கீழ வழியில்ல, அதனால மேல வருது. போதாக்குறைக்கு குழாயோட தலைப்பக்கம் நெஞ்சுக்குள்ள வேற ஏறிக்கிச்சு. நீங்க எப்படித் தூங்குவீங்க?"

ரைகுல் தலையைக் குனிந்துகொண்டாள். "நான் கெட்டிப்பால் தின்னேன் டாக்டர். டப்பா டப்பாவா. எல்லாம் என் வாயாலதான்."

"கறி இறங்கல. ரொட்டி இறங்கல. பட்டினி கெடக்கற உடம்பு இறங்கறதத்தானே கேக்கும்? தண்டவாளம் வளைஞ்சா உங்க ரயில்வேயில யாரைத் திட்டுவாங்க? டீ குடுக்கற உங்களையா?"

ஏழு வருடத்தில் முதல் தடவையாக ஒரு ஆள் 'உன் தப்பில்லை' என்கிறார். கையும் ஓடாமல் காலும் ஓடாமல், கைப்பையின் ஜிப்பை மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கியது. டாக்டர் அதைக் கவனிக்காதவர் போல ஒரு காகிதத்தில் படம் வரைந்தார்.

"இதைச் சரிபண்ண இன்னொரு அறுவை இருக்கு. மேல முட்டையளவு ஒரு பை மட்டும் வெச்சுக்குவோம். சிறுகுடல மேல இழுத்து அதோட தைப்போம். புளிப்பு சுரக்கற பாகத்தோட தண்ணி தனிப் பாதையில போய், கீழ ரொம்ப தூரம் தள்ளித்தான் வந்து சேரும்."

"லூப் லைன் மாதிரியா?"

"ஆமா, லூப் லைன்தான்." டாக்டர் சிரித்தார். உடனே சிரிப்பை மடித்து வைத்துவிட்டார். "நல்லா கேட்டுக்கங்க. இது முதல் அறுவை மாதிரி இல்ல, அதைவிடக் கஷ்டம். உள்ள பழைய தழும்புல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்கும். தைச்ச இடம் கசியலாம், ரத்தம் கட்டலாம். சத்து மாத்திரை உசுரு இருக்கற வரைக்கும் நிறுத்தக் கூடாது. எடையும் அப்ப மாதிரி மளமளன்னு இறங்காது. நீங்க படுத்துத் தூங்கறதுக்காகத்தான் இதைச் செய்யறேன். புரியுதா?"

"புரியுது."

"இன்னொண்ணு. உணவுக்குழாயோட அடிப்பக்கம் புளிப்பு பட்டுப் பட்டு நிறம் மாற ஆரம்பிச்சிருக்கு. இதைத் தள்ளிப்போடறது நல்லதுக்கில்ல. பதினெட்டாம் தேதி திங்கக்கிழமை. அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் வெறும் தண்ணி ஆகாரம். கல்லீரல் சுருங்கினாத்தான் எனக்கு உள்ள கை வைக்க இடம் கிடைக்கும். கெட்டியா ஒரு துண்டு உள்ள போனா அந்த மடிப்புல சிக்கிக்கும். கருவி விட்டு எடுக்கணும், அந்த இடம் வீங்கும். வீங்கின இடத்துல நான் கத்தி வைக்க மாட்டேன். அடுத்த தேதி மூணு மாசம் தள்ளித்தான்."

ரைகுல் தலையாட்டினாள். அதற்கு எட்டு நாள் முன்னால், பத்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, சயாத்துக்குப் பெண் பேசி முடிக்க மெர்கே ஊருக்குப் போவதாக நாள் குறித்தாகிவிட்டது. மறுநாள் நோன்பு மாதம் தொடங்குகிறது. அதனால் பெண் பேசுவதைத் தள்ளிப்போடவும் வழியில்லை.

பேசி முடிப்பதில் பேச்சு ஒன்றும் பெரிதில்லை. எங்கள் ஊரில் வாக்கை முடித்து வைப்பது குய்ரிக்-பவுர். செம்மறியின் வால்கொழுப்பையும் ஈரலையும் வேகவைத்து, மெல்லிசாக அரிந்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, பெண்வீட்டார் கையால் பிள்ளைவீட்டார் வாயில் ஊட்டுவார்கள். பிள்ளைவீட்டார் திரும்ப ஊட்டுவார்கள். அது தொண்டையைத் தாண்டிவிட்டால் கல்யாணம் முடிவான மாதிரி. அதன் பிறகு எந்தக் கொம்பனும் பின்வாங்க முடியாது. அதற்குப் பித்தப்பை, கித்தப்பை என்று சாக்குச் சொன்ன ஆள் இதுவரைக்கும் இல்லை.

"கன்னத்துல ஒதுக்கி வெச்சுக்க. அப்புறமா கைக்குட்டையில துப்பிடு. யாரு பாக்கப் போறா?" என்றான் துலேகென்.

"அக்காகிட்ட சொல்லிடலாமா?"

"குல்யாஷ் அண்ணிகிட்டயா? ஏழு வருஷப் பொய்ய இன்னைக்குப் போய் அவிழ்க்கப் போறியா? பையன் கல்யாணம் முடியட்டும் தாயே!"

பத்தாம் தேதி பகல் மெர்கேயில் பெண்வீட்டில் பெரிய பாய் விரித்து விருந்து பரப்பியிருந்தார்கள். பெண்ணின் அப்பா கென்ஜெபெக் ஆறடி உயர டிராக்டர் மெக்கானிக். அம்மா நுரிலா தபால் ஆபீஸில் வேலை பார்ப்பவள், அளந்து பேசுகிறவள். பெண் தோகஜான் தலைக்குட்டையோடு தலைகுனிந்து வந்தாள். ரைகுல் எழுந்து போய், கொண்டுவந்த வெள்ளிக் காதணிகளை அவள் காதில் தன் கையால் போட்டுவிட்டாள். இனிமேல் அந்தப் பெண் பேச்சு முடிந்த பெண் என்று அதற்கு அர்த்தம். தோகஜான் நிமிர்ந்து பார்த்துச் சின்னதாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ரைகுலுக்கு மனசு கரைந்துபோனது. இந்தப் பெண் என் வீட்டுக்கு வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள்.

டீ வந்தது. ரைகுல் டீயைக் குடித்துக்கொண்டு, தட்டில் இருந்ததைத் தள்ளித் தள்ளி இடம் மாற்றினாள். குல்யாஷ் ஓரக்கண்ணால் பார்த்தாள். "என்ன ராணியம்மா, மகன் கல்யாண சந்தோஷத்துல பசியே இல்லியா?"

பிறகு தாம்பாளம் வந்தது. ஆவி பறந்தது. வெள்ளை வால்கொழுப்பும் கறுப்பு ஈரலும் அடுக்கடுக்காக. கூடம் எழுந்து நின்று கைதட்டியது. கென்ஜெபெக் முதலில் துலேகெனுக்கு ஊட்டினார், பிறகு குல்யாஷுக்கு. நுரிலா ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ரைகுல் முன்னால் வந்து நின்றாள்.

"சம்பந்தியம்மா, வாயத் தெறங்க."

"சின்னதா குடுங்க சம்பந்தி. இவளுக்குப் பித்தப்பை கெடையாது" என்று குல்யாஷ் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்.

"நகத்தளவுதான். வாக்குக்கு அளவா முக்கியம்?"

ரைகுல் வாயைத் திறந்தாள். சூடாக, வழவழவென்று நாக்கில் வந்து உட்கார்ந்தது. இடது கன்னத்தில் ஒதுக்கினாள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், "நான் ஊட்ட வேணாமா? பொண்ணுக்கு அப்பன் நான்!" என்று கென்ஜெபெக் வந்துவிட்டார். அவர் விரல்களுக்கு நகத்தளவு என்றால் என்னவென்று தெரியாது. வாய் நிறைந்தது. இதை வலது கன்னத்தில் தள்ளினாள். கொழுப்பு உருகி நாக்கின் அடியில் வழிந்தது. ஈரல் மட்டும் உருகாமல் மண்ணாங்கட்டி போல நின்றது. தெரியாத்தனமாக ஒரு மிடறு விழுங்கினாலும் போச்சு. எச்சில் ஊற ஊற, மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டு நின்றாள்.

"பையனோட அம்மா ரெண்டு வார்த்தை சொல்லணும்!" என்று யாரோ குரல் எழுப்பினார்கள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். துலேகென் முகத்தில் ஈயாடவில்லை. ரைகுல் இரண்டு கையையும் ஏந்தி, வாய் திறக்காமல், "ம்... நல்லா... ம்..." என்று முனகினாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. "அழறாங்க, பாவம்! பெத்த வயிறு இல்லியா!" என்று பெண்கள் உருகினார்கள். வழக்கப்படி சாக்லெட்டுகளை அள்ளி அவள் தலைமேல் தூவினார்கள். அந்தக் கலகலப்பில் அவள் மெல்ல நழுவி, கை கழுவப் போகிறவள் போல நடைக்கு வந்தாள். கைக்குட்டையை விரித்தாள். இரண்டு கன்னத்திலிருந்ததையும் துப்பினாள். மடித்தாள். திரும்பினாள்.

நுரிலா கை துடைக்கும் துண்டோடு நின்றிருந்தாள். விருந்தாளி கை கழுவினால் துண்டு நீட்ட வேண்டும் அல்லவா, அதற்காக வந்திருந்தாள்.

நுரிலாவின் பார்வை கைக்குட்டைமேல் இருந்தது.

"துப்பிட்டீங்க" என்றாள்.

"இல்ல சம்பந்தி, அது..."

"எம்பொண்ணு வேண்டாம்னா வாசல்லயே சொல்லியிருக்கலாமே. காதுல போட்டுட்டு, ஊட்டுனத வாங்கிக்கிட்டு, எங்க வீட்டு நடையிலயே துப்புறீங்களே. நாங்க என்ன பாவம் பண்ணோம்?"

கத்தவில்லை. கத்தியிருந்தாலாவது தேவலை. துண்டை ஆணியில் மாட்டிவிட்டுக் கூடத்துக்குள் போனாள். ரைகுல் பின்னாலேயே ஓடினாள். நுரிலா நேராக மகளிடம் போய் நின்றாள்.

"தோகஜான், அந்தக் காதணியக் கழட்டு."

கூடம் அப்படியே நின்றுவிட்டது. தோகஜான் திருதிருவென்று விழித்தாள். கை காதுக்குப் போனது. கதவோரம் நின்ற சயாத், "அம்மா, என்ன ஆச்சு?" என்றான். அவன் குரல் உடைந்திருந்தது.

ரைகுல் கைக்குள் கைக்குட்டை ஈரமாக இருந்தது. ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் குல்யாஷ். இன்னொரு பொய் சொல்லலாம், வாய் வரைக்கும் வந்தது. பல்வலி என்று சொல்லலாம். ஆனால் அந்தப் பெண்ணின் விரல் ஏற்கெனவே கொக்கியைத் தொட்டுவிட்டது.

"கழட்டாதம்மா" என்றாள் ரைகுல். "நான்தான் முழுங்கல. முழுங்க முடியாது. எனக்குப் பித்தப்பை இருக்கு. நல்லாவே இருக்கு. இரைப்பைதான் இல்ல."

யாருக்கும் புரியவில்லை. அவள் பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி எடை குறையறதுக்காக இரைப்பைய வெட்டிக்கிட்டேன். வெக்கப்பட்டுக்கிட்டுப் பித்தப்பைன்னு சொன்னேன். இப்ப அந்தக் குழாய் உள்ள மடங்கிப் போச்சு. கெட்டியா எதுவும் இறங்காது. படுத்தா தொண்டைக்கு வருது. ரெண்டு வருஷமா நான் படுத்ததே இல்ல. வர்ற திங்கக்கிழமைக்கு அடுத்த திங்கக்கிழமை அதைச் சரிபண்ண இன்னொரு அறுவை. இதை முழுங்கினா சிக்கிக்கும், அறுவை நின்னுடும். சம்பந்தி, உங்க பொண்ண வேண்டாம்னு நான் துப்பல. அவ கல்யாணத்தப் பாக்க உசுரோட இருக்கணும்னு துப்புனேன்."

அழுதுகொண்டேதான் சொன்னாள். ஆனால் ஒரு வார்த்தையைக்கூட மென்று விழுங்கவில்லை. பிறகு குல்யாஷ் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "நாக்க அடக்க முடியாததால இல்ல அக்கா. டாக்டரே சொன்னாங்க."

குல்யாஷ் அசையாமல் இருந்தாள். அவள் முகம் சிவந்து, கறுத்து, மறுபடியும் சிவந்தது. எல்லாரும் அந்த வாய் திறக்கக் காத்திருந்தார்கள்.

"ஏழு வருஷம்" என்றாள் கடைசியில். "ஒவ்வொரு விருந்துலயும் கையச் சுட்டுக்கிட்டு உனக்குன்னு கொழுப்ப வழிச்சு வழிச்சு எடுத்தேனே. எல்லாம் இல்லாத நோவுக்கு. எங்கிட்ட சொல்ல உனக்கு என்னடி கேடு?"

"நீங்கதான் அன்னைக்கு... அந்த டீச்சரப் பத்தி... வாயில தையல் போடணும்னு..."

குல்யாஷ் வாயைத் திறந்தாள், மூடினாள். அவளுக்கு அது ஞாபகம் வந்துவிட்டது என்று எல்லாருக்கும் தெரிந்தது. குல்யாஷுக்கு வாயடைத்துப் போனதை அந்தக் குடும்பம் அன்றுதான் முதலில் பார்த்தது.

நுரிலா இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். முகம் இளகியிருந்தது, ஆனாலும் குழப்பம் போகவில்லை. "மன்னிச்சுக்கங்க சம்பந்தியம்மா, எனக்குத் தெரியாது. ஆனா... வாக்கு முடியலியே. ஊட்டுனது உள்ள போகலியே. நாளைக்கு ஊர்ல நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்களே." கென்ஜெபெக் தாடையைச் சொறிந்தார். "முடியாதவங்கள என்ன பண்றது?" என்றார். தோகஜான் கை இன்னும் காதிலேயே இருந்தது.

"தண்ணியா இருந்தா இறங்குமா?" திடீரென்று குல்யாஷ் கேட்டாள். குரலில் கோபம் அப்படியே இருந்தது.

"வடிகட்டுன சூப்பு குடிக்கலாம்னாங்க. கொழுப்பில்லாம."

குல்யாஷ் எழுந்து, யாரையும் கேட்காமல், சம்பந்தி வீட்டு அடுக்களைக்குள் நுழைந்தாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. "பனிக்கட்டி இருக்கா? சுத்தமான துணி எங்க?" என்று அதட்டல் கேட்டது. கால் மணி நேரம் ஆயிற்று. அந்தக் கால் மணி நேரமும் கூடத்தில் ஒருத்தரும் தட்டைத் தொடவில்லை. பிறகு ஒரு கிண்ணத்தோடு வந்தாள். தேநீர் போலத் தெளிந்த சூப்பு. மேலே ஒரு எண்ணெய்க் கண் கிடையாது.

"ஈரலும் வாலும் வெந்த தண்ணி" என்று நுரிலாவிடம் நீட்டினாள். "ஆறவெச்சு, கொழுப்பெல்லாம் எடுத்துட்டு, ரெண்டு தடவ வடிச்சிருக்கேன். அதுல இருக்கறதுதானே வெந்து இதுலயும் இறங்கியிருக்கு? ஊட்டுங்க. இதையும் துப்புனாள்னா நானே பொண்ண வேற எடத்துல குடுக்கச் சொல்றேன்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நுரிலா கணவனைப் பார்த்தாள். கென்ஜெபெக் தலையாட்டினார். அவள் முழந்தாளிட்டு உட்கார்ந்து, கரண்டியில் எடுத்து, ஊதி, ரைகுலின் வாயில் வைத்தாள். கூடமே அவள் தொண்டையைப் பார்த்தது. ரைகுல் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினாள். நெஞ்சில் ஒரு கணம் தயங்கியது. பிறகு இறங்கியது.

"இறங்கிடுச்சு" என்றாள்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. தோகஜான் காதிலிருந்து கையை எடுத்தாள்.

குலானுக்குத் திரும்பும் வழி முழுக்கக் குல்யாஷ் ரைகுலிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த வாரமும் பேசவில்லை. ஆனால் தினம் காலையில் வாசலில் ஒரு பிளாஸ்க் இருந்தது. உள்ளே வடிகட்டின சூப்பு.

பதினெட்டாம் தேதி மூன்று மணி நேரம் என்று சொன்ன அறுவை ஐந்தேகால் மணி நேரம் ஆனது. பழைய தழும்பில் கல்லீரலும் இரைப்பையும் ஒட்டிக் கிடந்தன. டாக்டர் கிம் வெளியே வந்தபோது துலேகென் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். "மடிப்பு இப்ப இல்ல. கசிவு இருக்கான்னு நாலு நாள் பாக்கணும்" என்றார். அந்த நாலு நாளும் ரைகுல் சாய்ந்தேதான் கிடந்தாள். ஒவ்வொரு முறை காய்ச்சல் பார்க்கும்போதும் துலேகென் நர்ஸின் முகத்தைப் படித்தான். இரண்டாம் நாள் கொஞ்சம் சுட்டது. அவனுக்கு உயிரே போய்த் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் தணிந்தது. ஐந்தாம் நாள் பகலில் டாக்டர் வந்து, முதுகுக்குப் பின்னாலிருந்த மூன்று தலையணைகளில் இரண்டை உருவினார்.

"படுங்க. மெதுவா."

"வேண்டாம் டாக்டர், மேல வரும்."

"வராது. வந்தா என்னைத் திட்டுங்க."

ரைகுல் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அங்குலம் அங்குலமாகச் சரிந்தாள். தொண்டையில் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தாள். அப்போதும் வரவில்லை. கூரையைப் பார்த்தபடி இருந்தவள், எப்போது கண் மூடினாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்று மத்தியானம்தான் குல்யாஷ் குலானிலிருந்து வந்து சேர்ந்தாள். கையில் பிளாஸ்க். அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். ரைகுல் மல்லாந்து, வாய் லேசாகத் திறந்து, அசையாமல் கிடந்தாள். இந்த இரண்டு வருடத்தில் குல்யாஷ் அவளை அப்படிப் பார்த்ததில்லை. பிளாஸ்க் கைநழுவிக் கீழே விழுந்தது.

"நர்ஸம்மா!" அவள் போட்ட கூச்சலில் நடைபாதையே திரும்பிப் பார்த்தது. "ஐயோ, ஓடி வாங்க! இவ படுத்துட்டா! மூச்சு இருக்கான்னு பாருங்க!"

நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, "என்னம்மா நீங்க? தூங்குறாங்க" என்றாள்.

குல்யாஷ் நம்பவில்லை. கிட்டே போய், குனிந்து, ரைகுலின் மூக்குக்குக் கீழே புறங்கையை வைத்துப் பார்த்தாள். வெதுவெதுப்பாகக் காற்று பட்டது. கையை எடுக்காமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள். ரைகுல் கண் விழித்துப் பார்த்தபோது, ஊரே பயப்படும் அந்த வாய் நடுங்கிக்கொண்டிருந்தது.

"அக்கா?"

"எந்திரிக்காத" என்றாள் குல்யாஷ், மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "நான் பாத்துக்கறேன். நீ படு."